திருகோணமலையில் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடுதல்: புதிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குத் தெரிவாகி யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, மலையகம் எனப் பல இடங்களிலிருந்தும் வருகிற மாணவர்கள், விரிவுரை அட்டவணை கைக்கு வருமுன்பே கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலும் பிற நிறுவனங்களிலும் படிப்பவர்களுக்கும், பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று தொலைபேசியில் நாளாந்தம் விசாரிக்கும் பெற்றோருக்கும் இந்தப் பதில்கள் பயன்படக்கூடும்.

திருகோணமலையில் மிகச் சிறந்த சாப்பாட்டுக் கடை எது?

ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெயரை நம்பிப் போகிறவர் பாதி நாட்களில் ஏமாந்து திரும்புவார். இந்த ஊரில் ஒரே கடை காலை, மதியம், இரவு ஆகிய மூன்று வேளையும் நன்றாக இருப்பது அரிது. காலையில் பூப்போன்ற இடியப்பமும் நல்ல சொதியும் தருகிற கடையில் மதியச் சோறு ஏனோதானோவென்று இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பின் ஆட்கள் காத்து நின்று கொத்து ரொட்டி வாங்கும் இடத்தில், மறுநாள் காலை கிடைக்கும் பராட்டா முதல்நாள் மிச்சமாக இருக்கும். சோறு கறி சமைப்பவர் விடியற்காலையில் வந்து மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். தட்டுக்கல்லில் நிற்பவர் மாலையில்தான் வருவார். இருவரும் ஒருவரல்லர், இருவரின் கைப்பக்குவமும் ஒன்றல்ல.

ஆகவே, எந்தக் கடை நல்லது என்பதைவிட, எந்த வேளையில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்பதே பயன் தரும். இங்கே கடைப் பெயர்கள் எதுவும் தரப்படாததற்கும் அதுவே காரணம். சமையற்காரர் ஒருவர் இரண்டு வீதி தள்ளி வேறு கடைக்கு மாறினால், பெயர்ப்பலகை பழைய இடத்திலேயே இருக்க, ருசி அவரோடு போய்விடும்.

அப்படியானால் யாரிடம் கேட்பது?

ஊர்க்காரர் ஒருவரிடம் நல்ல கடை எது என்று கேட்டால், அவர் உங்களை விருந்தாளியாக எண்ணி, தாம் வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போகிற விலை கூடிய இடத்தையே காட்டுவார். அது அவருடைய மரியாதை. உங்கள் பணப்பைக்கு அது உதவாது. அதற்குப் பதிலாக, "அண்ணா, இண்டைக்கு மத்தியானம் நீங்க எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டோ ஓட்டுபவர்கள், தனியார் பேருந்து நடத்துநர்கள், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்திலும் வங்கிகளிலும் வேலை செய்கிற வெளியூர்க்காரர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் ஆகியோர் நாள்தோறும் சொந்தக் காசில் வெளியே சாப்பிடுகிறவர்கள். அவர்கள் சொல்லும் பதிலில் கடையின் பெயர்கூட இருக்காது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், இன்ன பாமசிக்கு அடுத்தது என்றுதான் வரும். அந்த அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூத்த மாணவர்களின் ஆலோசனையும் நல்லதுதான், ஆனால் ஒரு திருத்தத்தோடு. அவர்களில் பலர் கடனுக்குச் சாப்பாடு தருகிற கடையையே நல்ல கடை என்று பழகிவிட்டவர்கள்.

வளாகம் நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கேயே தேடுவதா, நகரத்துக்கு வருவதா?

வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. நகரிலிருந்து வடக்கே போகும்போது உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு ஆகியவற்றைக் கடந்தே அங்கே சேர வேண்டும். இந்த வீதியிலுள்ள கடைகள் மூன்று வகைப்படும். வளாகத்தை அண்டியவை மாணவர்களை நம்பி இருப்பவை. விடுமுறைக் காலத்தில் சில மூடிக்கிடக்கும், பரீட்சைக் காலத்தில் பின்னேரம் வரை அடுப்பு எரியும். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துச் சிறு கடைகள் ஊர் மக்களுக்கானவை. கறி குறைவு, ஆனால் அன்றன்று சமைத்தது. உப்புவெளியிலும் நிலாவெளிக் கடற்கரையோரத்திலும் உள்ளவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கானவை. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்படுகிறது.

கிழமை நாட்களில் மதியத்துக்கு நகரத்துக்கு வருவது நேர விரயம். கன்டீனிலும் வளாகத்துக்கு அருகிலும் முடித்துக்கொண்டு, வங்கி, மருந்து, புத்தகம் என்று நகரத்தில் ஏதாவது அலுவல் இருக்கிற நாளில் அங்கே சாப்பிடுவதே வழக்கமாகப் பலர் செய்வது. மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றியும், அங்கிருந்து நடந்து போகக்கூடிய மத்திய வீதி, என்.சி. வீதி ஆகியவற்றிலும் எல்லாச் சமூகத்தவரின் கடைகளும் நெருக்கமாக இருக்கின்றன. குச்சவெளி, புல்மோட்டை செல்லும் பேருந்துகள் வளாகத்தைக் கடந்தே போகும். இரவுச் சாப்பாட்டுக்கு நகரத்தில் நிற்பதாயின், கடைசிப் பேருந்தின் நேரத்தைச் சாப்பிட உட்காருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓட்டோவில் திரும்பினால் அந்தக் கூலியில் இன்னும் இரண்டு சாப்பாடு வாங்கலாம்.

மதியச் சோற்றுக்கு எதைப் பார்த்துக் கடையைத் தெரிவு செய்வது?

முதலில் நேரம். திருகோணமலையில் நல்ல மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணியை ஒட்டி அடுப்பிலிருந்து இறங்கும். ஒன்றரை மணிக்குள் அதன் சிறப்பு முடிந்துவிடும். இரண்டரை மணிக்குப் போய் உட்கார்ந்து, சோறு காய்ந்திருக்கிறது, மீன் வால்துண்டுதான் மிஞ்சியிருக்கிறது என்று கடையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. உண்மையில், இரண்டு மணிக்குச் சோறு முடிந்துவிட்டது என்று கையை விரிக்கிற கடைதான் நம்பத்தக்கது. மாலை ஐந்து மணிக்கும் சோறு இருக்கிறது என்று சொல்கிற கடையில், அந்தச் சோறு எப்போது வடித்தது என்ற கேள்வி எழ வேண்டும்.

அந்தக் கேள்வி வெறும் ருசியைப் பற்றியதன்று. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடே கிருமிகளுக்கு வசதியானது என்பதால், சமைத்த உணவை அந்தச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பார்கள். மதியம் மிஞ்சிய சோறு மாலையில் பிரைட் ரைஸ் ஆக உருமாறுகிற கடைகளில் சாப்பிட்டு, ஓரிரு மணிக்குள் வாந்தி எடுத்தவர்கள் எல்லா விடுதியிலும் இருப்பார்கள்.

இரண்டாவதாக, கறிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பன்னிரண்டு சட்டிகள் வரிசையாக இருக்கும் கடையில் நாலு சட்டி நேற்றையதாக இருக்கலாம். பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு சுண்டல், ஒரு மீன் குழம்பு, கொஞ்சம் பொரியல், அப்பளம், மிளகாய் என்று ஐந்தாறோடு நிறுத்துகிற கடையில் அவை அன்றைக்குச் சமைத்தவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சுண்டலைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரையை அன்றே அரிந்து தேங்காய்ப்பூவோடு கிளறியிருந்தால் அது பச்சை மணத்தோடு இருக்கும். பழையதாயின் தேங்காய்ப்பூ முதலில் காட்டிக்கொடுத்துவிடும், எந்த மிளகாயும் அதை மறைக்காது. ஒரு கடையின் நேர்மையைச் சுண்டலை வைத்தே அளக்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக, சோற்றின் வகையைக் கேட்டு வாங்கலாம் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பல கடைகளில் சிவப்பு நாட்டரிசியும் வெள்ளை அரிசியும் தனித்தனியே இருக்கும். தம்பலகாமமும் கந்தளாயும் மூதூரும் நெல் விளையும் நிலங்கள். அறுவடை முடிந்த காலத்தில் புதிய அரிசிச் சோறு கொஞ்சம் குழைவாக இருக்குமே தவிர, அது குறையன்று. பார்சல் வாங்கினால் இருந்து சாப்பிடுவதைவிடச் சோறு கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இருந்து சாப்பிட்டால் கறியை இரண்டாம் முறை கேட்கலாம். பசி எதற்கு என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

கடலோர ஊர் என்பதால் எந்தக் கடையிலும் எந்த நாளும் புதிய மீன் இருக்கும் என்று வெளியூர் மாணவர்கள் நினைக்கிறார்கள். மீன் பருவத்தோடு நடக்கிற காரியம். ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். கரைவலையும் சிறு படகுகளும் ஓயாமல் வேலை செய்யும், சூடை, கீரி, பாரை, கணவாய் எல்லாம் மலிவாகச் சந்தைக்கு வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றால் கடல் குழம்பிப் படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் அறுக்குளாக் குழம்பு வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர் ஐசில் பல நாள் கிடந்த மீனுக்குப் பெருந்தொகை கொடுப்பார். கருவாட்டுக் குழம்பு, கந்தளாய்ப் பக்கத்துக் குளத்து மீன், முட்டைக் குழம்பு ஆகியவற்றைச் சமைக்கும் கடையே மாரிக் காலத்தில் புத்தியுள்ள கடை.

மலிவான சிறுமீனைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கீரிமீனை அன்றே வாங்கி, மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவிப் பொரித்து வைக்கிற ஒரு சிறிய கடையின் சாப்பாட்டுக்கு, கடற்கரை உணவகத்தின் பெரிய மீன் வறுவல் ஈடாகாது. கறியாயின், பழப்புளி விட்டு, தேங்காய்ப்பாலை அளவோடு சேர்த்துக் கூட்டின சூடைக் குழம்பைக் கேட்டு வாங்குங்கள்.

சூரை மீனில் மட்டும் கவனம் தேவை. சூரையும் அதன் இனத்து மீன்களும் பிடித்தவுடன் ஐசில் வைக்கப்படாவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது; சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பில் தடிப்பு எழும்பும். பலர் இதைத் தங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். வாயில் வைத்தவுடன் மிளகு கடித்தது போல நாக்குச் சுள்ளென்றால், அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு?

இரவில் இந்த ஊர் வேறு ஊராகிவிடும். இடியப்பம், புட்டு, அப்பம் ஆகியவை ஆறரை மணியளவில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். வீட்டு வாசலில் மேசை போட்டு அப்பம் சுடுகிற பெண்களிடம் வாங்குவது, என் எண்ணத்தில், பெரிய கடையில் வாங்குவதைவிட மேலானது. உங்கள் கண்முன்னே சட்டியில் மா விழுகிறது, கையில் வரும்போது ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறது. பாலப்பத்துக்குச் சொல்லிவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள்.

கொத்து ரொட்டி ஒன்பது மணிக்கு மேல் சூடு பிடிக்கும். நல்ல கொத்துக்கு அடையாளம், ரொட்டி அன்று தட்டியதாக இருப்பதும், கறிக்குழம்பு அளவாக விடப்பட்டு ரொட்டித் துண்டுகள் களியாகாமல் தனித்தனியே நிற்பதுமாகும். தகரத்தட்டின் ஓசை உரத்துக் கேட்பதால் மட்டும் கொத்து நன்றாகிவிடாது. சில இடங்களில் ஓசைதான் முக்கிய பொருளாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு கொத்து இருவருக்குப் போதும். கடைக்காரரிடம் இரண்டாகக் கட்டித் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் கட்டித் தருவார்.

பெண் மாணவிகள் பலர் இரவில் கடையில் இருந்து சாப்பிடத் தயங்குகிறார்கள். குடும்பங்கள் வருகிற, வெளிச்சமான வீதியோரக் கடைகளை நாலைந்து பேர் சேர்ந்து பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால், அந்தத் தயக்கம் பெருமளவு குறையும். தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டு, போனவுடன் பார்சலை எடுத்துக்கொண்டு திரும்புவதும் பலரது வழக்கம்.

நான் சைவம். என்ன செய்வது?

கோணேசர் கோயிலும் பத்திரகாளி அம்மன் கோயிலும் உள்ள ஊரில் சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. தோசை, இட்லி, உழுந்து வடை ஆகியவற்றுக்கு அங்கேயே போகலாம். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி போன்ற விரத நாட்களிலும் அவை நிரம்பி வழியும் என்பதால், மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்னரே போய்விடுங்கள்.

சிக்கல் மற்றக் கடைகளில் மரக்கறிச் சாப்பாடு கேட்கும்போதுதான். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசி, அதாவது காய்ந்து இறுகிய சூரைக் கருவாடு, இடிக்கப்பட்டிருக்கும். சில கடைகளில் பருப்பிலும் கீரையிலும்கூட மாசித்தூள் விழும். பரிமாறுபவருக்கு மாசி என்பது மீனாகவே தோன்றாது. ஆகவே மீன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார், அவர் பொய் சொல்லவில்லை. மாசி போட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மரக்கறிக் கொத்தும் அப்படியே: இறைச்சிக் கொத்துப் போட்ட அதே தட்டில், அதே தகட்டால்தான் அது கொத்தப்படுகிறது. அதைப் பொருட்படுத்துபவர் சைவக் கடையை விட்டு வெளியே கொத்துத் தேட வேண்டாம்.

முஸ்லிம் கடைகளுக்குப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியவை எவை?

பிரியாணிக்கும் பராட்டாவுக்கும் மாட்டிறைச்சிக் கறிக்கும் அங்கேதான் போக வேண்டும். கடைக்காரரை நானா என்று அழைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பன்னிரண்டு மணியளவில் கடையைச் சாத்தி ஒன்றரை மணியளவில் திறப்பார்கள். அன்றைய மதியச் சாப்பாட்டைத் தொழுகைக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது, பிரியாணியும் அப்போதுதான் சூடாக இறங்கும். றமழான் மாதத்தில் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னர் போனால், கஞ்சியும் சமோசாவும் கட்லெட்டும் வீதியோரத்திலேயே கிடைக்கும். சக மாணவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்து, சஹன் எனப்படும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் வாய்ப்பு வந்தால், அதை எந்தக் கடைக்காகவும் விடாதீர்கள்.

பௌர்ணமியான போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடப்படும் என்பதால், அன்று கடையில் இருக்கும் இறைச்சிக் கறி முதல்நாள் வாங்கியது என்பதை நினைவில் வையுங்கள். இது எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும்.

இணையத்தில் உள்ள நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?

யார் எழுதியது என்று பார்த்து நம்பலாம். திருகோணமலை உணவகங்களுக்கான மதிப்பீடுகளில் பெரும்பகுதி உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்கிய வெளிநாட்டுப் பயணிகள் எழுதியவை. கடல் தெரிகிறதா, உறைப்புக் குறைவாக இருந்ததா, ஆங்கிலத்தில் பேசினார்களா என்பதே அவர்களுடைய அளவுகோல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தினமும் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடுகிற கடைக்கு, யாரும் எழுதாததால், ஒரு நட்சத்திரமும் இருக்காது. படங்களைப் பாருங்கள், அதுவும் வாடிக்கையாளர் எடுத்த, சாதாரணத் தட்டில் உள்ள சோற்றுப் படங்களை. கடைக்காரர் போட்ட படங்களைத் தாண்டிச் செல்லுங்கள்.

உப்புவெளிக் கடற்கரை உணவகங்கள் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

எப்போதாவது ஒரு பிறந்தநாளுக்குப் போகலாம். பட்டியலில் உள்ள விலை இறுதி விலையன்று என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த இடமாயின், 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 18 சதவீத வரியும் சேரும். 1000 ரூபா என்று எழுதப்பட்ட சாப்பாடு பில்லில் 1300 ரூபாவை நெருங்கிவிடும். பயணிகள் வராத மாரிக் காலத்தில் சில இடங்கள் விலையைக் குறைக்கும், சில மூடிவிடும். திறந்திருப்பவற்றில் கூட்டமில்லாத அந்த நாட்களில் போனால், சமையற்காரர் நின்று நிதானித்துச் சமைப்பார்.

கடை சுத்தமானதா என்று எப்படி அறிவது?

கை கழுவும் இடத்தைப் பாருங்கள். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் அங்கே இருந்தால், சமையலறையிலும் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். காசை வாங்குகிற கையே உணவையும் எடுக்கிறதா என்று கவனியுங்கள். தேநீரோடு மேசைக்கு வருகிற ரோல்ஸ், வடைத் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: நீங்கள் எடுத்தது போக மிச்சம் அடுத்த மேசைக்குப் போகிறது, உங்களுக்கு வந்ததும் அப்படி வந்ததுதான். வேண்டியதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தரச் சொல்வது எந்த விதத்திலும் மரியாதைக் குறைவன்று.

பார்சல் தாளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பொலித்தீன் உணவுத்தாளின் உற்பத்தியும் விற்பனையும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன; ஆனாலும் எல்லாக் கடையும் மாறிவிடவில்லை. சொந்தப் பாத்திரம் கொண்டு போனால் பெரும்பாலான கடைகள் மறுப்பதில்லை. நகரத்து வீதிகளில் புள்ளிமான்கள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை குழம்பு மணத்துக்காகப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்று வயிறு அடைபட்டுச் சாகின்றன. தாளைச் சுருட்டி வீதியோரத்தில் எறிபவருக்கு நல்ல கடையைப் பற்றிக் கேட்கும் தகுதியே இல்லை என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனாலோ, கூடுதல் காசு எடுத்தாலோ யாரிடம் சொல்வது?

வயிற்றோட்டமும் வாந்தியும் வந்தால் முதலில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இரத்தம் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதன் பிறகு, அந்தப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைப் பரிசோதிக்கவும், மாதிரி எடுக்கவும், வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள், உடன் சாப்பிட்டவர்களில் யாருக்கெல்லாம் வருத்தம் வந்தது என்பவற்றை எழுதிக்கொண்டு போனால் முறைப்பாட்டுக்கு வலு இருக்கும். சமூக வலைத்தளத்தில் திட்டி எழுதுவதால் அடுப்படி மாறாது.

விலை விடயமாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரி விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். தண்ணீர்ப் போத்தலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மாதக் கணக்கில் சாப்பாடு எடுப்பது நல்லதா?

வளாகத்தைச் சுற்றியுள்ள சில வீடுகளில் மாதக் கணக்குக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். கடைச் சாப்பாட்டைவிட எண்ணெய் குறைவு, காசும் குறைவு. ஆனால் முதல் மாதமே முழுத்தொகையையும் கட்டிவிடாமல், ஒரு கிழமைக்கு மட்டும் பேசிப் பாருங்கள். முதல் மூன்று நாட்கள் எல்லா வீட்டிலும் நல்ல கறி வரும். நாலாம் நாளிலிருந்து வருவதுதான் உண்மையான சாப்பாடு. விடுமுறை நாட்களுக்கும் விரத நாட்களுக்குமான காசை எப்படிக் கழிப்பது என்பதைச் சமைத்துத் தருகிற அக்காவிடம் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி இதனால்தான் வருகிறது.

பெற்றோர் பார்க்க வரும்போது எங்கே அழைத்துச் செல்வது?

காலையில் கோணேசர் கோயிலுக்குப் போவதாயிருந்தால், இறங்கி வந்தவுடன் நகரத்துச் சைவக் கடையொன்றில் தோசையும் தேநீரும். மதியத்துக்கு, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற கடைக்கே அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை தினமும் என்ன சாப்பிடுகிறது என்பதைத்தான் அம்மா பார்க்க விரும்புவார். திரும்பிப் போகும்போது அவர்கள் கையில் கொடுத்துவிட, மண்சட்டியில் உறைந்த கிண்ணியா எருமைத் தயிர் வாங்கிக்கொள்ளலாம். முன்பு பாதை எனப்படும் மிதவையில் ஏறித் துறை கடந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டியிருந்தது. 2009இல் பாலம் திறக்கப்பட்ட பின் அது சிறிய பேருந்துப் பயணம். சட்டியை வாங்குமுன் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தயிர் அசையாமல் நிற்க வேண்டும், மேலே தண்ணீர் மிதக்கக்கூடாது. யாழ்ப்பாணம் வரை பேருந்தில் கொண்டு போவதாயின், அன்று காலை உறைந்த சட்டியாகக் கேட்டு வாங்கி, வாயைத் தாளால் இறுகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.